வியாழக்கிழமைக்கு மட்டும் வரும் கோபம்

நண்டு கம்பெனியில் சொர்ணவல்லிக்கென்று ஓர் இடம் உண்டு. நீள மேசையின் இடது கோடி, சுவரை ஒட்டி. அங்கே உட்கார்ந்தால் மற்ற இருபத்தொன்பது பெண்களின் பேச்சும் அவளுடைய வலது காதில் வந்து விழும். இடது பக்கம் சுவர் மட்டும்தான். சுவர் பேசாது. பேசினாலும் அவளுக்குக் கேட்காது. போன வருட மீன்பிடித் தடைக்காலத்தின் இருபத்து மூன்றாம் நாளோடு அந்தக் காதின் வேலை முடிந்துவிட்டது.

அவித்த நண்டின் ஓட்டைப் பிளந்து கால் சதையை உடையாமல் முழுசாக உருவுவதில் கோட்டைப்பட்டினம் கரையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி, கையில் சின்னக் கத்தி. "நீ தொட்டா நண்டே வெக்கப்பட்டுச் சட்டையக் கழட்டிக் குடுத்துருதுடி" என்பாள் பக்கத்து இருக்கைச் செபமாலை. செபமாலைக்கு வாய் நீளம். கை அதைவிட நீளம் என்பது பின்னால்தான் ஊருக்குத் தெரிந்தது.

சொர்ணவல்லிக்கு வயது முப்பத்து நான்கு. கல்யாணமாகிப் பதினான்கு வருடம். புருஷன் நாகராசு விசைப்படகு டிரைவர். ஒரே மகள் கார்த்திகா எட்டாவது படிக்கிறாள். மாமியார் காத்தாயி அதே வீட்டில், எல்லாவற்றுக்கும் சாட்சியாக.

விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. காலையில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போனால் மறுநாள் காலையில் கரை. மிச்சமிருக்கும் செவ்வாய், வியாழன், வெள்ளி, ஞாயிறுகளில் நாகராசு வீட்டில் இருப்பான். இந்த நான்கில் அடி விழுவது வியாழக்கிழமையில்.

இதை சொர்ணவல்லி கல்யாணமான மூன்றாம் வருடமே கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்து நேரே ஆவுடையார்கோவிலுக்குப் பஸ் ஏறி ஒரு ஜோசியரைப் பார்த்தாள். ஜாதகத்தில் குரு சரியில்லை என்றார் அவர். வியாழன் குருவின் நாள். கணக்கு பொருந்திவிட்டது. அன்றிலிருந்து பதினோரு வருடம் அவள் வியாழக்கிழமை விரதம் இருந்தாள். கொண்டைக்கடலை மாலை கட்டிக் குருவுக்குப் போட்டாள். அதாவது, முன்பு சாப்பிட்டுவிட்டு வாங்கிய அடியை அதன்பிறகு வெறும் வயிற்றில் வாங்கினாள்.

அடிக்குக் காரணங்கள் ரகம் ரகமாக இருந்தன. குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. கொடியில் சட்டை காயவில்லை. ஒரு தடவை அவன் தும்மியபோது அவள் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு தடவை தும்மியபோது திரும்பிப் பார்க்கவில்லை. தலைமுடியைப் பிடித்துக் கதவு நிலையில் மோதுவான். என்ஜினின் பழைய பெல்ட்டால் முதுகில் விளாசுவான். முகத்தில் அடிக்க மாட்டான். முகம் ஊர் பார்க்கிற சாமான். கோட்டுக்கும் புடவைக்கும் உள்ளே மறைகிற இடமாகப் பார்த்துத்தான் கை போகும். மறுநாள் கம்பெனியில் அவள் உட்காரும்போது முதுகை எதிலும் சாய்க்காமல் உட்காருவாள். வெள்ளிக்கிழமை அவள் அப்படித்தான் உட்காருவாள் என்று இருபத்தொன்பது பேருக்கும் தெரியும்.

போன வருடத் தடைக்காலம் இப்படி. அறுபத்தொரு நாள் படகு கரையில் நிற்கும், டிரைவர் வீட்டில் நிற்பான். இருபத்து மூன்றாம் நாள் நாகராசு வலையை விரித்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தான். வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு கிடந்தது வலை. உள்ளே அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது. வெளியே இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு சொர்ணவல்லி. பெண்பிள்ளை வலையைத் தாண்டக் கூடாது. பறக்கவும் அவளுக்குத் தெரியாது. தாண்டினாள்.

உட்கார்ந்திருந்த மணைக்கட்டையை உருவி எழுந்து இடது காதோடு சேர்த்து ஒன்று விட்டான். காதுக்குள் கோயில் மணி ஒன்று அடித்தது. பிறகு அந்தப் பக்கம் உலகமே இல்லை. காதிலிருந்து வழிந்த ரத்தம் குடத்துக்குள் சொட்டியது.

"கொடத்த எறக்கி வையிடி, நல்ல தண்ணி வீணாப் போவுது" என்றாள் காத்தாயி.

ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். டாக்டர் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

தன் காதுக்காக நடக்காத கால், மகளின் புருவத்துக்காக நடந்தது. இந்த வருடம் மார்ச் மாதத்து வியாழன் ஒன்றில் கார்த்திகா நடுவில் வந்து நின்றாள். நாகராசு அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கி பீரோ மீது எறிந்தான். புருவம் பிளந்தது. மூன்று தையல். தையல் போட்ட கையோடு சொர்ணவல்லி மகளைக் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துப் படியேறினாள். துணைக்குச் செபமாலை.

இன்ஸ்பெக்டர் அம்மா கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "குடும்பம்னா அப்புடி இப்புடித்தான் இருக்கும். கேசுன்னு போனா பொண்ணு வாழ்க்கையும் சேத்துக் கெடும். கவுன்சிலிங் குடுக்குறோம், சரியாப் போயிரும்" என்று ஸ்டேஷனின் பின்பக்க அறையைக் காட்டினார்.

அங்கே செவ்வாய்க்கிழமை தோறும் அன்புமொழி என்ற பெண் வந்து உட்காருவாள். இருபத்தைந்து வயது. பொன்னமராவதிப் பக்கம். மனநல ஆலோசகர் என்று பலகை இருந்தது. சைக்காலஜி படித்தவள். கடலைப் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

நாகராசு தலையைப் படிய வாரி, திருநீறு பூசிக்கொண்டு வந்தான். வந்ததும் அழுதான். நன்றாகவே அழுதான். "மேடம், எனக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது மேடம். கை தானாப் போயிருது. நானே எங்கைல இல்ல."

அன்புமொழி மனசிரங்கினாள். கோபம் தலைக்கேறும்போது உடனே எதுவும் செய்யாதீர்கள், மூச்சை இழுத்துவிட்டுப் பத்து வரைக்கும் எண்ணுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாள். நாகராசு முதல் பெஞ்சுப் பையன் மாதிரி தலையாட்டினான். வீட்டுப்பாடத்தையும் ஒழுங்காகச் செய்தான்.

அந்த வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. சமையல்கட்டில் அவளுடைய முடியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முட்டி போட வைத்தான்.

"ஸ்டேஷன்ல போயி சொல்றியா? இருடி, இரு. எண்ணச் சொல்லிருக்காங்கள்ல." மூச்சை ஆழமாக இழுத்துவிட்டான். "லாபம்."

மீன் எண்ணுகிறவர்கள் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். லாபம் என்றுதான் முதல் எண்.

"ரெண்டு." முடியை ஒரு திருகு. "மூணு." இன்னொரு திருகு. ஐந்தில் நிறுத்தி, "ஆத்தா, தண்ணி குடு" என்றான். காத்தாயி செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். முடியை விடாமல் மறு கையால் வாங்கி நிதானமாகக் குடித்தான். செம்பைத் திருப்பிக் கொடுத்தான். "ஆறு."

பள்ளிக்கூடம் விட்டு வந்த கார்த்திகா வாசலில் எண்ணுகிற சத்தத்தைக் கேட்டு, யாரோ மீன் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அவள் உள்ளே எட்டிப் பார்த்தபோது "பத்து" வந்துவிட்டது. நாகராசு முட்டியால் விலாவில் இடித்தான். எலும்பு சொடுக்குகிற சத்தம் வாசல் வரை கேட்டது. கீழே சாய்ந்தவளை மிதித்தான். அவள் உருண்டு அடுப்பு மேடைக்கு அடியில் ஒடுங்கியபோது, காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு மறுபடியும் மிதித்தான்.

எல்லாம் முடிந்து அவன் டீக்கடைக்குப் போன பிறகு கார்த்திகா தண்ணீரில் துணியை நனைத்து அம்மாவின் பல்லில் கடிபட்ட உதட்டைத் துடைத்தாள். சத்தம் வராமல் நடக்க, சத்தம் வராமல் துணி பிழிய அந்தப் பெண்ணுக்குத் தெரியும். எந்தப் பள்ளியிலும் சொல்லித்தராத பாடம்.

"தடைக்காலம் வர இன்னும் இருவது நாளுதாம்மா இருக்கு" என்றாள். "இந்த வாட்டி மத்தக் காதும் போயிருமா?"

சொர்ணவல்லி மகளின் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள். காது போனால்கூடப் பரவாயில்லை. தைத்த புருவம் ஒன்று எதிரில் உட்கார்ந்திருக்கிறதே.

அடுத்த செவ்வாய் விலாவில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் தனியாகவே அன்புமொழியிடம் போனாள்.

"எண்ணுனாரு மேடம். பத்தும் தப்பில்லாம எண்ணுனாரு. அஞ்சுல தண்ணி குடிச்சாரு."

"தப்பு எம்மேலக்கா" என்றாள் அன்புமொழி. "அவருக்குக் கோவத்த அடக்கத் தெரியலன்னு நெனச்சேன். ஒங்கள வச்சுக்கிட்டே அவருக்குப் பாடம் சொல்லிக்குடுத்தது அத விடத் தப்பு. நடுவுல தண்ணி குடிக்கிறவருக்கு அடக்கத் தெரியாதுன்னு எப்புடிச் சொல்றது? மொதல்லேருந்து சொல்லுங்க. எப்பல்லாம் அடிப்பாரு?"

"வியாழக்கெழம மேடம். எனக்குக் குரு சரியில்ல."

"மத்த நாள்ல?"

"தொழிலுக்குப் போயிருவாரு. இல்லாட்டி மறுநா தொழிலு இருக்கும்."

"மறுநாள் தொழில் இருந்தா?"

கடல் தெரியாத பெண் கேட்கிற கேள்வியைப் பார் என்று சொர்ணவல்லிக்குச் சிரிப்பு வந்தது. விலா வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "மறுநா தொழிலுன்னா எப்புடி மேடம் அடிப்பாரு? பொம்பள அழுதுட்டா வலை வெறுசாத் திரும்பும்ல. தொழிலுக்கு மொத நாளு எங்க தெருவுல ஒரு பொம்பளையும் அழக் கூடாது. கைய ஓங்குனாக்கூட அத்த ஒரு சத்தம் போடும், நாளைக்குத் தொழிலுடான்னு. அப்புடியே கைய எறக்கிருவாரு."

"அப்புடியே எறக்கிருவாரா?"

"ம். அப்புடியே."

"அப்ப புதன்கெழம போயிட்டு வியாழக்கெழம வர்றாரு. வெள்ளிக்கெழம தொழில் இல்ல."

"இல்ல."

"புயல் எச்சரிக்கைன்னு போட் போகாத நாள்ல?"

சொர்ணவல்லி யோசித்தாள். அந்த நாட்களிலும் அடி உண்டு. அப்போதெல்லாம் குருவோடு சனியும் சேர்ந்துகொண்டதாக நினைத்திருந்தாள். "அடிப்பாரு."

"தடைக்காலத்துல?"

"அது எல்லா நாளும் வியாழக்கெழமதான் மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவளுடைய ஒற்றைக் காதுக்குக் கேட்டது. கண் தெரியாத கோபம் என்றானே, அதற்குக் காலண்டர் தெரிந்திருக்கிறது. டோக்கன் நாள் தெரிந்திருக்கிறது. புயல் எச்சரிக்கையைக்கூடக் கேட்டுக்கொண்டு வருகிறது. வாத்தியார் வகுப்பில் இருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு, தலை மறைந்ததும் பக்கத்துப் பையனைக் குத்துகிற பயலுக்கு யாராவது கண் தெரியாது என்று சொல்வார்களா?

பதினோரு வருடக் கொண்டைக்கடலை. குரு எவ்வளவு சிரித்திருப்பார்.

அன்றே அவளும் கார்த்திகாவும் செபமாலை வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரே அறை, ஒரே ஃபேன். செபமாலை ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பிவைத்தாள்.

அதற்கடுத்த செவ்வாய் இரண்டு தரப்பையும் இன்ஸ்பெக்டர் அழைத்தார். சமாதானப் பத்திரம் தயாராக இருந்தது. இனி கோபப்பட மாட்டேன் என்று அவன் கையெழுத்து, கணவனோடு போகச் சம்மதம் என்று அவள் கையெழுத்து. "தடைக்காலம் வேற வருது. ஆம்பள வீட்டுலயே இருப்பாரு. சேந்து நாலு கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்று பேனாவை நீட்டினார். கார்த்திகா அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள்.

அன்புமொழி காத்தாயியின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, ஒங்க புள்ளைக்குக் கோவத்த அடக்கவே முடியாதாமே?"

பிள்ளையைக் குறை சொன்னால் எந்தத் தாய் பொறுப்பாள்? "யாரு சொன்னா?" என்று நிமிர்ந்தாள் காத்தாயி. "எம்புள்ள மாதிரி கட்டுப்பாடு எவனுக்கு வரும்? தொழிலுக்கு மொத நாளு ஒரு தடவ அவ மேல கை வச்சிருக்கானான்னு கேளுங்க. பதினாலு வருசத்துல ஒரு தடவ! எவ்வளவு வாய் பேசுனாலும் பல்லக் கடிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பான், தங்கம்!"

"அப்ப நெனச்சா நிறுத்த முடியுது."

"அது தொழிலு மேடம்" என்றான் நாகராசு அவசரமாக. "அது வேற."

இன்ஸ்பெக்டர் நீட்டிய பேனாவை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டார். சொர்ணவல்லி கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டரைத் தவிர எல்லோரும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

அங்கேதான் நாகராசு அந்தத் தப்பைச் செய்தான். சிரித்த முகத்தோடு அவள் பக்கத்தில் போய், காதோரம் குனிந்து எதையோ கிசுகிசுத்தான். இடது காதோரம்.

"கேக்கல" என்றாள் சொர்ணவல்லி.

மறுபடி குனிந்தான்.

"அது நீ ஒடச்ச காது. அதுல ஒண்ணும் போவாது. இங்கிட்டு வந்து ஒரக்கச் சொல்லு."

பதினான்கு வருடத்தில் அவள் அவனிடம் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நாகராசுக்கு முகம் கறுத்தது. பல்லைக் கடித்தபடி அவளுடைய வலது காதில் சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவனுக்குத் தன் சத்தத்தின் அளவு தெரியாது.

"இன்னிக்குச் செவ்வாக்கெழமடி. அதான் நடந்து போற. நாளக் கழிச்சு வியாழக்கெழமன்னு ஒண்ணு இருக்கு. அன்னிக்கு ஒன்னைய நண்டு மாதிரிப் பொளக்குறேன்."

அன்புமொழிக்குக் கேட்டது. வாசலில் நின்ற பெண் காவலருக்குக் கேட்டது. ஜன்னலுக்கு உள்ளே இருந்த இன்ஸ்பெக்டருக்கும் கேட்டது. சமாதானப் பத்திரம் கசங்கிக் குப்பைக்கூடைக்குப் போனது. இன்ஸ்பெக்டர் வழக்குப் பதிவுசெய்து, நாகராசைக் கூப்பிட்டு எச்சரித்தார். பாதுகாப்பு உத்தரவு கேட்டுக் கோர்ட்டுக்குப் போக மனு எழுதினார்கள். மனு நடந்து போய்ச் சேர நாளாகும். வியாழக்கிழமை ஓடி வரும்.

வந்தது. காலையில் கரையில் இறங்கியவன் பதினோரு மணிக்கு நண்டு கம்பெனிக்குள் நுழைந்தான். செருப்புக் காலோடு. உள்ளே செருப்புப் போடக் கூடாது என்று சூப்பர்வைசர் கத்தியதுதான் முதல் சத்தம். மேசையின் இடது கோடிக்கு நேரே போனான். சுவரை ஒட்டி அவளுடைய இடது தோளுக்குப் பின்னாலிருந்து வந்ததால் அவளுக்குக் காலடி கேட்கவில்லை.

தொப்பியோடு சேர்த்துத் தலையைப் பிடித்து மேசையில் அறைந்தான். நண்டு ஓடுகள் நெற்றியில் ஏறின. அலுமினியத் தட்டைத் தூக்கி ஓங்கினான். அவள் வலது கையால் வலது காதை மூடிக்கொண்டாள். தட்டின் விளிம்பு விரல்களில் இறங்கியது. இரண்டு விரல் மடங்கக் கூடாத பக்கம் மடங்கின. இன்னொரு முறை ஓங்கினான். வெள்ளைக் கோட்டெல்லாம் சிவப்பு.

மூன்றாவது முறை ஓங்கிய கை கீழே வரவில்லை. அதில் செபமாலை தொங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டுப் பேர். நாள் முழுக்க ஓடு பிளக்கிற கைகள். அவனைக் குப்புறத் தள்ளினார்கள். முகம் நண்டுக் கழிவு வாளிக்குள் போனது. ஒருத்தி கடித்தாள். ஒருத்தி, பாவம், ஆள் அடையாளம் தெரியாமல் சூப்பர்வைசரையும் ஒன்று போட்டுவிட்டாள். பழைய கயிற்றால் கையைக் கட்டி, முதுகின்மேல் செபமாலை ஏறி உட்கார்ந்தாள். தொண்ணூறு கிலோ.

"லாபம்" என்று எண்ணத் தொடங்கினாள். "ரெண்டு. மூணு. மூச்ச நல்லா இழுத்து விடுங்க தம்பி. நாலு."

போலீஸ் ஜீப் வரும்போது எண்ணூற்றுப் பன்னிரண்டு.

"கோவத்துல கண்ணு தெரியல மேடம்" என்றான் நாகராசு, மூக்கில் நண்டுக்கால் ஒட்டியிருக்க. இன்ஸ்பெக்டர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். "இன்னிக்கு என்ன கெழமடா?" என்று மட்டும் கேட்டார்.

தடைக்காலத்தின் முதல் சில வாரங்களை அவன் ஜெயிலில் கழித்தான். ஜாமீனில் வந்தபோது, அவளும் மகளும் இருக்கும் செபமாலை வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்ற கோர்ட் உத்தரவு அவனுக்காகக் காத்திருந்தது. இரண்டு முறை தெருமுனைவரை வந்து நின்றான். இரண்டு முறையும் செபமாலை வெளியே வந்து சும்மா தரையில் உட்காருவது போல உட்கார்ந்து காட்டினாள். போய்விட்டான். மூன்றாம் முறை வருவானா என்பது யாருக்கும் தெரியாது. சொர்ணவல்லி கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். அன்புமொழியின் நம்பரைக் கார்த்திகா மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

ஒடிந்த விரல்கள் கொஞ்சம் கோணலாகத்தான் கூடின. நண்டின் கால் சதை இப்போது அவள் கையில் நாலுக்கு ஒன்று உடைகிறது.

தடைக்காலத்தின் கடைசி நாள் சாயங்காலம். தெருவெல்லாம் பெயிண்ட் வாசனை. ஐஸ் வண்டிகள் கரைப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. மறுநாள் தொழில். சொர்ணவல்லி வெங்காயம்கூட உரிக்கவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். கார்த்திகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைத் தொப்பென்று எறிந்தாள். கதவை எட்டி உதைத்துச் சாத்தினாள். செம்பைக் கீழே போட்டு உருட்டினாள். "அம்மா, பசிக்கிது!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

எவ்வளவு சத்தம். சொர்ணவல்லிக்கு அழுகை வந்தது. பதினான்கு வருடமாக வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதவள், முதல் தடவையாக வாயைத் திறந்து அழுதாள். ஊளையிட்டு, மூக்கு ஒழுக, தரையைத் தட்டித் தட்டி அழுதாள்.

எதிர் வீட்டிலிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது. "எவடி அவ? நாளைக்குத் தொழிலு, இன்னிக்கு ஒப்பாரி வக்கிறவ! நிறுத்தச் சொல்லுங்கடி!"

செபமாலை சண்டைக்குக் கிளம்பினாள். சொர்ணவல்லி அவளைக் கைகாட்டி உட்காரவைத்துவிட்டு, வாசலைப் பார்த்துத் தானே பதில் சொன்னாள்.

"எனக்கு நாளைக்கு நண்டு கம்பெனிதான். அதுக்கு அழுதா ஒண்ணும் ஆவாது."

மூக்கைச் சிந்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.